சொல்லிக்கொண்டு போன வேன்

துளசிமணியின் வேன் எந்தச் சாலையில் எவ்வளவு தூரம் போனாலும் சாயங்காலம் அஞ்சே காலுக்குத் தகரப்பட்டறைச் சந்துக்கே வந்து நின்றுவிடும் என்பது தெரிந்த அன்றைக்கு, சந்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அன்று குடிதண்ணீர் வருகிற நாள், எட்டு நாளைக்கு ஒரு தரம் வருகிற தண்ணீர், அதை விட்டுவிட்டு ஒரு வேன் ஏன் திரும்பி வந்தது என்று விசாரித்துக்கொண்டு நிற்க யாருக்கும் நேரமில்லை. எதிர்வீட்டுக் கமலவேணி மட்டும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "வந்துட்டீங்களாக்கா? நல்லதாப் போச்சு. உங்கூட்டுக் குடத்தையும் வரிசையில வெச்சிருக்கறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். துளசிமணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கிப் போய்த் தண்ணீர் பிடித்தாள்.

அந்த வேன் அதற்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் இருந்தது. கரூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது. பன்னிரண்டு வருஷமும் ஓட்டியவள் துளசிமணி. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, காந்தி கிராமம், ராயனூர், தான்தோன்றிமலை என்று ஒவ்வொரு வாசலிலும் இரண்டு ஹாரன் அடித்து, கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு அஞ்சே காலுக்கு வண்டியைச் சந்தில் நிறுத்தினால் அதற்கப்புறம்தான் அவளுடைய இன்னொரு வேலை தொடங்கும். மாமனார் படுக்கையில் கிடந்தது மூன்று வருஷம், அவர் போன பிறகு மாமியார் அதே கட்டிலில் ஐந்து வருஷம், அவளும் போன பிறகு, பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் தகரம் அடித்துக்கொண்டிருந்த புருஷன் வையாபுரி நெஞ்சு கெட்டு அதே கட்டிலில் ஒன்றரை வருஷம். மூன்று பேரையும் அனுப்பிவைத்த பிறகாவது கையைக் காலை நீட்டலாம் என்று பார்த்தால், சும்மா இருக்கிற கை என்று தெரிந்த உடனே சந்து அவளைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. பிரசவ வலி வந்தாலும் துளசிமணி, பிணத்தைக் குளிப்பாட்டவும் துளசிமணி, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி போதவில்லை என்றாலும் சுவரைத் தட்டி "அக்கா" என்று ஒரு குரல். சுவர் என்பதும் பேச்சுக்குத்தான், பாதிச் சுவர் தகரம். தும்மினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

ஐம்பத்தைந்து வயதில் துளசிமணிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யாரும் தன்னைக் கூப்பிடாத ஓர் ஊரில் தூங்கி எழ வேண்டும். ஒரு நாள் போதாது, ஒரு வாரமும் போதாது. எத்தனை நாள் என்று சொல்லத் தெரியாத அளவுக்கு அவள் களைத்துப் போயிருந்தாள். அதனால் வேனுக்கு வயதாகிவிட்டது, பழைய இரும்புக்குப் போடப் போகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, விடைபெறும்போது கொடுக்க நினைத்த தொகைக்குப் பதிலாக வண்டியையே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள்.

"இதுல என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள் பாப்பாத்தி. வையாபுரியின் அக்கா, அந்தப் பக்கத்தில் நங்கை என்று அழைக்கிற உறவு, அறுபத்திரண்டு வயது. கட்டிக் கொடுத்த ஊரிலிருந்து ஒரே வருஷத்தில் திரும்பி வந்து தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவள். முப்பத்தொரு வருஷமாக இருவரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே அடுப்புக்காகச் சண்டை போட்டு வந்தார்கள்.

"வூடாக்கப் போறனுங்க நங்கை."

"இருக்கற வூடு பத்தலியா?"

"இருக்கற வூடு நகர மாட்டீங்குதே."

நங்கை வேனின் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

வேனை வீடாக்கியது வையாபுரியோடு பட்டறையில் இருந்த சென்னியப்பன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக ஏழு ஞாயிறு வந்தார். பணம் இல்லாதவர்களுக்குக் கரூரைப் போல் ஓர் ஊர் கிடையாது, அங்கே எல்லாத் தொழிலிலும் ஏதாவது மிஞ்சுகிறது, மிஞ்சியதைக் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். பஸ் பட்டறையில் மிஞ்சிய அலுமினியத் தகடு தரைக்கு வந்தது. சீட்டுக்கு வெட்டியதுபோக மிஞ்சிய ஸ்பாஞ்சு மெத்தைக்கு வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பத் தைத்து, ஒரு நூல் பிசகியதால் திரும்பி வந்த திரைச்சீலை ஜன்னலுக்கும், ஓரம் வெட்டிய கொசுவலை அந்தத் திரைக்குப் பின்னாலும் வந்தன. வெயில் இறங்காமல் இருக்கக் கூரைக்கும் உள்தகட்டுக்கும் நடுவில் தெர்மாகோல் அடைத்தார்கள், அது கல்யாண மண்டபத்தில் மணமக்கள் பெயர் எழுதிக் கிழித்துப் போட்டது, பிரித்துப் பார்த்தால் இன்னும் யாரோ இரண்டு பேர் உள்ளே வாழ்க என்று இருப்பார்கள். பதினேழு சீட்டில் இரண்டைத் தவிர மற்றதைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டையும் எதிரெதிரே போட்டு, நடுவில் பலகை வைத்தால் படுக்கை, எடுத்தால் உட்கார இடம். சின்ன சிலிண்டர் ஒன்று, அடுப்பு ஒன்று, தண்ணீர் கேனில் சொருகிய குழாய் ஒன்று, கழுவி ஊற்ற ஓர் அலுமினியத் தொட்டி. கக்கூஸுக்கு என்ன பண்ணுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்த சென்னியப்பன், "தமிழ்நாடு பூரா பெட்ரோல் பங்க் இருக்குதுங்க" என்று முடித்துவிட்டார். மஞ்சளை மாற்றினால்தான் வண்டிப் புத்தகத்தில் பேர் மாற்றுவோம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொன்னதால், டவுன் பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை வாங்கி அடித்தார்கள். ஓரிடத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, துளசிமணி சந்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். போயிட்டு வர்றனுங்க, போயிட்டு வர்றனுங்க என்று முப்பத்தெட்டு வாசலில் சொன்னாள். போயிட்டு வாங்க, நல்லபடியாப் போயிட்டு வாங்க என்று முப்பத்தெட்டு வாசலிலும் சொன்னார்கள். கடைசியில் நங்கையிடம் சொன்னாள். வேனில் ஏறினாலே குமட்டுகிறவள் நங்கை, அடுத்த தெருவுக்குப் போவதற்குள் மூன்று எலுமிச்சம்பழத்தை மோந்து தீர்ப்பாள். கூட வர்றீங்களா என்று கேட்கவே இடமில்லை. "போயிட்டு வா" என்றாள் நங்கை, முகத்தைத் திருப்பிக்கொண்டு. துளசிமணி திண்டுக்கல் சாலையில் போனாள். மத்தியானம் ஒரு புளியமரத்தடியில் தயிர்சோறு தின்றாள். திண்டுக்கல் பன்னிரண்டு கிலோமீட்டர் என்ற கல்லைப் பார்த்தாள், ஒரு வளைவில் திரும்பினாள், எதிரே தகரப்பட்டறைச் சந்தும் குடங்களும் கமலவேணியும் இருந்தார்கள். மணி அஞ்சே கால்.

அடுத்த நாள் காவிரியை ஒட்டிக் குளித்தலைப் பக்கம் போய்ப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் நாமக்கல், அதற்கடுத்த நாள் காங்கேயம். ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லிக்கொண்டு போனாள், ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு திருப்பத்துக்குப் பின்னால் சந்து அவளுக்காகக் காத்திருந்தது. ஓட்டினால்தானே வருகிறது என்று, ஒரு நாள் கொடுமுடியில் ஆற்றோரம் ஒரு மர நிழலில் வண்டியை நிறுத்தி, சாவியைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, பலகையைப் போட்டுப் படுத்துவிட்டாள். ஆற்றுச் சத்தத்தில் நன்றாகத் தூங்கினாள். யாரோ தகரத்தைத் தட்டுகிற சத்தத்தில் விழித்தாள்.

"அக்கா, எம்மருமகளுக்குத் தலை சுத்துதுங்குது, கொஞ்சம் வந்து நாடி பாருங்களே."

துளசிமணிக்கு நாடி பார்க்கத் தெரியாது. ஆனாலும் எழுந்து சந்தில் இறங்கிப் போனாள்.

இப்படி ஒரு வண்டி சந்தில் இருக்கிறது என்றால் அதைச் சும்மா விடுவார்களா? முதலில் சில்லறை வேலைகளில் ஆரம்பித்தது. எந்தத் திசையில் போனாலும் அஞ்சே காலுக்கு வந்துவிடுகிற வண்டி என்பதால், காங்கேயத்தில் அத்தைக்குக் கொடுக்க வேண்டிய பாத்திரம், நாமக்கல்லில் தைக்கக் கொடுத்த ரவிக்கை, குளித்தலை வாழை இலை என்று ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பிறகு கமலவேணியின் மகன் மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பினான். போனவர்கள் அங்கேயே இருந்துவிடுகிறார்கள் என்ற பயம் கமலவேணிக்கு. கிளம்புவதற்கு முந்தின நாள் அவனை வேனில் ஏற்றிவிட்டு, "எங்கியாச்சும் ஒரு சுத்து சுத்திக் கூட்டியாந்துருங்கக்கா, அது போதும்" என்றாள். போய் ஏழு மாசத்தில் அவன் லீவுக்கு வந்தான். விமானம் எப்போது இறங்கியது என்று யாருக்கும் தெரியாது, சந்துக்குள் ஆட்டோ நுழைந்தபோது மணி அஞ்சே கால். அத்தோடு சந்து உறுதி செய்துகொண்டது.

அதற்கப்புறம் வெளியூருக்கு வாழப்போகிற பெண்களைத் தாலி கட்டிய கையோடு அந்த வேனில் ஒரு சுற்று ஏற்றினார்கள், தலைப்பிரசவத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் இடக்குப் பண்ணாமல் அனுப்பி வைப்பார்கள் என்று. பட்டாளத்துக்குப் போகிறவனை ஏற்றினார்கள். காணாமல் போன ஆட்டின் கயிற்றை ஏற்றினார்கள், ஆடு வந்தது. சொல்லாமல் ஓடிப்போன ஒரு பெண்ணின் பள்ளிக்கூட போட்டோவை ஏற்றினார்கள், வியாழக்கிழமை அவள் புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்து வாசலில் நின்றாள், அப்பன்காரன் இரண்டு நாள் பேசாமலிருந்து மூன்றாம் நாள் பேரனைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். புத்தி தடுமாறி எங்கெங்கோ நடந்து போய்விடுகிற ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரை வாரம் ஒரு நாள் ஏற்றினார்கள். அவர் வழிநெடுக இல்லாத ஆட்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டு வருவார், அந்த வாரம் முழுக்க எங்கே தொலைந்தாலும் சாயங்காலம் வீட்டில் இருப்பார். போன தேர்தலில் தோற்ற ஒருவர் வெள்ளை வேட்டியோடு வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார், என்ன திரும்பி வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. வேனின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் ஏறியது. பின்பக்கக் கம்பியில் மஞ்சள் கயிறுகள் தொங்கின. ஆட்டோக்காரர்கள் அதைப் பார்த்தால் ஹாரனைக் குறைத்தார்கள்.

செத்தவர்களை மட்டும் அது கொண்டு வரவில்லை. ஒரு கிழவர் மனைவியின் புடவையைக் கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றினார், நாலாம் நாள் அவரே, "வேண்டாம் விடுங்க" என்று புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துளசிமணி வையாபுரியின் சட்டையை வைத்துப் பார்க்கவே இல்லை. அவர் வந்தால் அதே கட்டிலுக்குத்தான் வருவார் என்று நினைத்தாள், நினைத்ததற்காக அன்றைக்கு முழுக்க வருத்தப்பட்டாள்.

ஆக, யாரும் கூப்பிடாத இடத்துக்குப் போவதற்காகக் கட்டிய வண்டியால் அவளைக் கூப்பிடுகிறவர்கள் பத்து மடங்கானார்கள். காலையில் எழுந்தால் வேனைச் சுற்றி ஆட்கள். பல் விளக்குவதற்குள் நாலு சீட்டு. பள்ளிக்கூட வேலையில் ஞாயிறாவது விடுமுறை இருந்தது. ஒரு நாள் கண்டக்டர் அவள் கையில் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "நீங்க எங்கம்மா இறங்கோணும்?" என்று கேட்டார். துளசிமணிக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்சம் அழுதுவிட்டு மறுபடி ஓட்டினாள்.

இப்படியே ஒன்பது மாசம் போனது. ஐப்பசியில் தாராபுரத்தில் கமலவேணியின் பெரியம்மா இறந்துபோனாள். விடிகாலையில் போன் வந்தது, அரை மணியில் ஒன்பது பெண்கள் வேனில் ஏறி உட்கார்ந்தார்கள். எழவுக்குப் போகிறபோது யார் போயிட்டு வர்றேன் என்று சொல்வார்கள்? யாரும் சொல்லவில்லை. எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போதும் அப்படித்தான், எழுந்தால் எழுந்ததுதான், வர்றேன் என்று சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை அதே காரியத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும் என்பதால் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கிவிடுவது வழக்கம். ஒன்பது பேரும் அப்படியே இறங்கி வண்டியில் ஏறினார்கள். திரும்பும்போது ஒவ்வொரு வளைவிலும் துளசிமணி சந்தை எதிர்பார்த்தாள். மூலனூரில் மணி அஞ்சே கால் ஆனது. சந்து வரவில்லை. வெறும் ரோடு இருந்தது, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் முருங்கைக் காடு இருந்தது, ஒரு நாய் குறுக்கே போனது. கரூர் வரை ஒவ்வொரு கிலோமீட்டரையும் அவளே ஓட்டிக் கடக்க வேண்டியிருந்தது. பின்னால் ஒன்பது பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, அது சந்தோஷம்தான் என்பது சின்னதாராபுரம் தாண்டிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

ஏழு மணிக்கு வந்து நின்றபோது நங்கை வாசலில் நின்றிருந்தாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த துளசிமணிக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கி வண்டி உன்னையக் கூட்டியாரல. நீதான் அதைக் கூட்டியாந்திருக்கற."

"ஆமாங்க."

"எழவுக்குப் போனீங்க. ஒருத்தியும் சொல்லிக்கல." நங்கை குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்தாள். "நீ தெனமும் வர்றேன்னு சொல்லீட்டுப் போற. அது வாக்கைக் காப்பாத்துது, அவ்வளவுதான். எனக்குத் தெரிய வேண்டாமா இது? கல்யாணத்தன்னிக்கி இதே வாசல்ல நின்னு எல்லார்த்துகிட்டயும் போயிட்டு வர்றேன்னு சொன்னவ நானு. வந்துட்டனல்லோ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். துளசிமணிக்குச் சிரிப்பு வரவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் துளசிமணி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாள். சந்து முனையில் டீக்கடைக்காரர், "போயிட்டு வாங்கக்கா" என்றார். அஞ்சே காலுக்கு வந்துவிட்டாள். அதற்கடுத்த நாள் ஐந்து மணிக்கே எழுந்து விளக்குப் போடாமல் வண்டியை நகர்த்தினாள்; பால்காரர் சைக்கிளை ஒதுக்கி நிறுத்தி, "போயிட்டு வாங்கம்மா" என்றார், பாவம், மரியாதை தெரிந்த மனுஷன். அவள் சொல்லாவிட்டாலும் சரி, யாராவது ஒருவர் வா என்று சொல்லிவிட்டால் போதும், வண்டி அதையே பிடித்துக்கொண்டது.

தகரச் சுவருக்குப் பின்னால் ரகசியம் ஏது? நங்கை சொன்னது இரண்டு நாளில் முப்பத்தெட்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. கமலவேணிக்குத்தான் முதலில் பயம் வந்தது, மகன் மறுபடி மஸ்கட் போயிருந்தான், வண்டி திரும்பாமல் போனால் அவனும் திரும்ப மாட்டானோ என்று. பட்டாளத்தான் வீட்டில், கண்டக்டர் வீட்டில், ஒவ்வொரு பெண்ணைப் பெற்ற வீட்டிலும் அதே பயம். யாரும் துளசிமணியோடு சண்டைக்கு வரவில்லை. அவர்கள் நல்லவர்கள், அதுதான் கஷ்டம். அவள் வாசலில் கால் வைத்தாலே நாலு பேர் ஓடி வந்து, "போயிட்டு வாங்கக்கா, பத்திரமாப் போயிட்டு வாங்க" என்று கும்பிட்டார்கள். மளிகைக் கடைக்குப் போனால்கூடச் சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சந்து முனையில் பெரிதாக ஒரு பிளக்ஸ் நின்றது. ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கியதில் துளசிமணியின் முகம் கொஞ்சம் கோணியிருந்தது. கீழே சந்து இளைஞர்கள் இருபது பேர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நடுவில் கொட்டை எழுத்தில் 'நன்றி! மீண்டும் வருக!' என்று இருந்தது.

அதைப் பார்த்துவிட்டு வந்து துளசிமணி கட்டிலில் உட்கார்ந்தாள். மாமனாரும் மாமியாரும் வையாபுரியும் கிடந்த கட்டில்.

"எனக்கு முடியலீங்க நங்கை. நான் கெட்டவ இல்ல. யார் கூப்பிட்டாலும் போய்ப் போய்ப் பழகிட்டேன், இனியும் இங்கயே இருந்தா இந்தக் கட்டில்ல அடுத்தாப்பல படுக்கறது நானாத்தான் இருப்பேன். அன்னிக்கிம் செவுத்தைத் தட்டிக் கூப்பிடுவாங்க. எந்திரிச்சுப் போயிருவனோன்னு பயமா இருக்குதுங்க."

நங்கை வெகுநேரம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ சண்டையில் எங்கியாச்சும் போய்த் தொலை என்று வாய் கூசாமல் சொன்னவள்தான், இப்போது அதில் பாதியை, வெறும் போ என்பதைச் சொன்னால் போதும், அது அவள் வாயில் வரவில்லை.

"நான் என்ன பண்ணுவேன்னு கேக்க மாட்டியா?" என்றாள் கடைசியில்.

"என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன். ரேஷன் இருக்குது, கை கால் நல்லா இருக்குது. சண்டை போடத்தான் ஆள் வேணும். கமலவேணி இருக்கறா, அவளுக்குச் சாமர்த்தியம் பத்தாது, பழக்கிக்கறன்." கீரைத் தண்டைத் தனியாக ஒதுக்கி வைத்தாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்க. நீ வர்றதுன்னா நீயா ஓட்டிட்டு வரோணும். வண்டி இழுத்துட்டு வந்து உடக் கூடாது."

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, வெளிச்சம் வந்து வாசல் தெளிக்கிற நேரத்துக்கு, பாப்பாத்தி வாசற்படியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துத் தலைமயிரை விரித்துப் போட்டாள். மாரில் அறைந்துகொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள்.

"பச்சை வண்டி கட்டிப்
பாதை மேலே போறவளே,
போற எடத்துல
பொழுது விடிஞ்சா உன்னைய
எழுப்ப ஆருமில்லே,
எம் மணியே,
பேர் சொல்லிக் கூப்பிட
ஒரு நாதியில்லே..."

உள்ளே கையில் சாவியோடு நின்றிருந்த துளசிமணிக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. பல்துலக்கும் பிரஷ்ஷோடும் ஈரத் தலையோடும் சந்து ஓடி வந்தது. யாருங்க, யாருங்க என்று கேட்டது.

"எங்கூட்டு மணி போயிட்டா" என்றாள் நங்கை.

கமலவேணி நிலைப்படிக்கு உள்ளே பார்த்தாள். "ஏனுங்க, அக்கா இங்கதான நிக்கிறாங்க..."

"அழுகற வூட்டுக்கு வந்து என்னடி பேச்சு. உக்காரு."

கமலவேணி உட்கார்ந்துவிட்டாள். ஒப்பாரிச் சத்தம் கேட்டால் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவளின் தோளில் கை போடுவது அந்தச் சந்துப் பெண்களுக்குப் பத்து வயதிலேயே வந்துவிடுகிற பழக்கம், மூளை என்ன ஏது என்று கேட்பதற்குள் கைகள் போய்விடும். ஒருத்தி உட்கார, இன்னொருத்தி உட்கார, வட்டம் கூடி அழுகை ஏறியது. யாருக்காக என்று தெரிந்தே அழுதார்கள், அவள் இல்லாமல் பிரசவத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று அழுதார்கள், நிஜமாகவே அழுதார்கள். ஆண்கள் எதிர்ச் சுவரோரம் கையைக் கட்டி நின்றார்கள். வழக்கப்படி யாரோ பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போன் போட்டுவிட்டார்கள், அதுவும் வந்து இறங்கியது. சென்னியப்பன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சந்து முனைக்குப் போய்ப் பிளக்ஸை அவிழ்த்து, சுருட்டி, அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

எழவு வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. எழவு வீட்டில் இருப்பவர்களும் வா என்று சொல்வதில்லை. துளசிமணிக்கு அப்போது விளங்கியது. நங்கையின் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, முப்பத்தொரு வருஷத்தில் இவள் மேல் இத்தனை ஆசை வைத்திருந்தோம் என்பது இந்த வாசலைத் தாண்டும்போதா தெரிய வேண்டும் என்று ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை பேசினால் எல்லாம் கெட்டுப்போகும். உதட்டைக் கடித்துக்கொண்டு, அழுகிற பெண்களின் முதுகுகளுக்கு நடுவில் கால் படாமல் அடியெடுத்து வைத்து வெளியே வந்தாள். கமலவேணி நிமிர்ந்தாள். அவள் வாய் பழக்கத்தில் "போயிட்டு" என்று தொடங்கியது. நங்கை அழுகையை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தாள். கமலவேணி முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். மஸ்கட்டில் இருக்கிற மகனை நினைத்து அவள் தோள் குலுங்கியது. வாங்க என்பது முந்தானைக்குள்ளேயே நின்றுவிட்டது.

வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. டீக்கடைக்காரர் எழவுக்குச் செய்கிறபடி பாதிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றிருந்தார். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். முனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். பெண்கள் எழுந்து வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், பிணம் எடுத்த பிறகு கழுவுவதுபோல, குறையில்லாமல். நங்கை முதல் குடத்தைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டு, அடுத்த குடத்தை வேன் நின்ற இடத்தில் ஊற்றினாள். திரும்பி அவள் ரோட்டுப் பக்கம் பார்க்கவேயில்லை.

துளசிமணி அரவக்குறிச்சி தாண்டும்வரை அழுதாள். அதற்கப்புறம் பசித்தது.